சேலத்தில் இருந்துகொண்டே ப்ரைடு கொண்டாட வழி உண்டா?

தறிவீட்டுப் பையன் | மே 18, இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். நான் அம்மாபேட்டை. வயது 21. இந்த வருடம்தான் டிகிரி முடித்தேன். நான் கே, எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். இதுவரை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஜூன் நம்மைப் போன்றவர்களின் ப்ரைடு மாதம். அது வந்தால் போனைத் திறந்த இடமெல்லாம் வானவில். சென்னைப் பேரணிப் படங்களைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது, கூடவே ஏக்கமாகவும் இருக்கிறது. எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பாவு பிணைக்க நானும் கைகொடுக்க வேண்டும். சென்னைக்குப் போகிறேன் என்றால் எதற்கு, யாரோடு, எப்போது திரும்புவாய் என்று மூன்று பேர் கேட்பார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். நம்ம ஊரிலேயே, நம்மைப் போன்ற நாலு பேர் உட்கார்ந்து பேச, ஜூன் மாதத்தைக் கொண்டாட வழி இருக்கிறதா? டேட்டிங் ஆப் வேண்டாம். எனக்கு வேண்டியது நண்பர்கள். என் வயதில் மற்ற பையன்கள் ஐந்து ரோட்டில் டீக்கடையில் நின்று மணிக்கணக்கில் தங்கள் காதலைப் பற்றிப் பேசுகிறார்கள். நானும் பக்கத்தில்தான் நிற்கிறேன். என் கதை மட்டும் வெளியே வருவதில்லை.


நெறியாளர் | மே 18, இரவு 11:48

வரவேற்கிறோம் தம்பி. எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: போன் எண், கல்லூரிப் பெயர், வேலை செய்யும் இடம் எதையும் இங்கே பொதுவில் போட வேண்டாம். அடுத்தவர் யாரென்று தெரிந்தாலும் எழுதாதீர்கள். வீட்டில் சொல்வதா வேண்டாமா, எப்போது சொல்வது என்பது அவரவர் முடிவு.


எழும்பூர் ரயில் | மே 19, காலை 7:05

தம்பி, நான் சூரமங்கலத்துக்காரன். இப்போது சென்னையில் வேலை. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

சென்னையில் வானவில் சுயமரியாதைப் பேரணி 2009 ஜூனில் தொடங்கியது. அப்போது நம் உறவைக் குற்றமாக்கிய 377ஆவது சட்டப்பிரிவு முழுசாக உயிரோடு இருந்த காலம். டெல்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பே அதற்குச் சில நாள் கழித்து ஜூலை 2ஆம் தேதிதான் வந்தது. அதையும் 2013ல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. கடைசியில் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில்தான், மனமொத்த இரண்டு வயதுவந்தவர்களின் உறவு குற்றமில்லை என்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். சட்டம் இப்படி ஏறியும் இறங்கியும் அலைக்கழித்த நாளெல்லாம் தெருவில் நடந்தவர்கள் இருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

நான் முதன்முதலாகப் போனபோது முகமூடி போட்டுக்கொண்டுதான் நடந்தேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு அப்பா, 'என் மகளை நேசிக்கிறேன்' என்று அட்டை பிடித்து நடந்தார். வேர்த்து விறுவிறுத்து, பறைச் சத்தத்தில் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அந்த ஒரு மணி நேரம் நான் சுமந்துகொண்டிருந்த எதுவும் என் மேல் இல்லை.

ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது எழும்பூர். நண்பன் கல்யாணம், இன்டர்வியூ என்று ஏதாவது சொல்லிவிட்டு வா. தங்க இடம் நான் பார்த்துத் தருகிறேன்.


தறிவீட்டுப் பையன் | மே 19, மதியம் 2:31

ரொம்ப நன்றி அண்ணா. படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. ஆனால் பொய் சொல்லிவிட்டு வந்தால் ஒவ்வொரு கேமராவுக்கும் பயந்துகொண்டே நடப்பேன். ஒரு நாள் வருவேன். இந்த வருடம் இல்லை.


மலைக்காப்பி | மே 19, இரவு 9:14

நான் ஏற்காடு. இங்கேயே பிறந்து, இங்கேயே எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். வயது 34. நானும் என் துணைவியும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஊர் எங்களைத் தோழிகள் என்று வைத்திருக்கிறது. வீட்டுக்கார அம்மா எங்களுக்குச் சேர்த்தே தீபாவளிப் பலகாரம் கொடுத்துவிடுவார். அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

தம்பி கேட்டதற்கு என் பதில்: இங்கே வாருங்கள். மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி எல்லாம் முடிந்து ஜூனில் கூட்டம் கொஞ்சம் குறையும். சேலத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், சில நாள் கொஞ்சம் கூட. இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டினால் வந்துவிடலாம். 'ஃபிரெண்ட்ஸோடு ஏற்காடு போகிறேன்' என்றால் சேலத்தில் எந்த வீட்டிலும் இரண்டாவது கேள்வி வராது. ஏரிக்கரையிலோ லேடீஸ் சீட் காட்சிமுனையிலோ நின்றால் கூட்டத்தில் தெரிந்த முகம் வந்துவிடலாம். அதனால் எங்கள் சினேகிதி ஒருத்தியின் வீட்டு முற்றத்தில் உட்காரலாம். சுற்றிலும் மிளகுக்கொடி, சில்வர் ஓக், காப்பிச் செடி. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்துக்கு அப்பால்.

எத்தனை பேர் வருவார்கள் என்று கவலைப்படாதீர்கள். இந்தியாவில் முதல் ப்ரைடு நடை கொல்கத்தாவில் 1999 ஜூலை 2ஆம் தேதி நடந்தது. நட்பு நடை என்று பெயர் வைத்து, மஞ்சள் சட்டை போட்டு நடந்தார்கள். நடந்தது வெறும் பதினைந்து பேர். நாம் பத்துப் பேர் கூடினால் போதும்.


கொலுசுக்காரி | மே 20, காலை 6:40

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். திருநங்கை. வயது 38. தம்பி எழுதியதைப் படித்து ராத்திரி தூக்கம் வரவில்லை. மலைக்காப்பி நல்ல மனசோடு கூப்பிடுகிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.

நீங்கள் பல பேர் விரும்பினால் மறைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அது முடிந்ததே இல்லை. புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் எல்லாக் கண்ணும் எங்கள் மேல்தான். வாடகைக்கு வீடு கேட்டால் 'இப்போதுதான் வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டோம்' என்பார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வரும். இப்படிப் பார்வைகளுக்கு நடுவில் நின்று நின்றுதான் எங்கள் திருநங்கையர் ஜமாத் இந்த ஊரில் கால் ஊன்றியது. 2008 ஏப்ரல் 15ல் தமிழ்நாட்டில் எங்களுக்கென நல வாரியம் வந்தது. 2014ல் அதே ஏப்ரல் 15ல் உச்சநீதிமன்றம் நால்சா தீர்ப்பில் எங்கள் பாலினத்தை நாங்களே சொல்லிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாகத் தெருவில் நின்றவர்கள் இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்குமா?

நம்ம சேலத்துப் பொண்ணு பிரித்திகா யாஷினியை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.ஐ. வேலைக்கு விண்ணப்பித்தார். ஆண், பெண் என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது என்று தள்ளினார்கள். நீதிமன்றம் போனார், திரும்பத் திரும்பப் போனார். 2015 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017ல் தருமபுரியில் எஸ்.ஐ. ஆகப் பொறுப்பேற்றார். பேப்பரில் அந்தப் படம் வந்த நாளில் எங்கள் தெருவில் நாங்கள் லட்டு கொடுத்தோம். அன்றைக்கு எங்களுக்குப் ப்ரைடு என்றால் அதுதான்.

ஆடி மாதம் குகையில் வண்டி வேடிக்கை நடக்குமே, எல்லோருக்கும் தெரியும். எனக்குச் சின்ன வயசில் ஒரு தரம் அம்மன் வேடம் போட்டு வண்டியில் ஏற்றினார்கள். கீழே நின்று ஊரே கும்பிட்டது. எங்கள் பெரியப்பாவும் கும்பிட்டார். அடுத்த வாரம் கண்ணில் மையை அழிக்காமல் கடைக்குப் போனதற்கு அதே பெரியப்பா என்னை அடித்தார். வண்டி மேல் கிடைத்த மரியாதை தரையிலும் வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தவள் நான்.

அதனால்தான் கேட்கிறேன். மலை மேல், யாரும் பார்க்காத இடத்தில் கூடிவிட்டு வந்தால் இந்த ஊர் மாறுமா? சேலம் 1944ல் திராவிடர் கழகம் பெயர் சூட்டிக்கொண்ட ஊர். சுயமரியாதையைப் பற்றி இந்த ஊரில் ஒளிந்து பேச வேண்டியிருக்கிறதே என்பது எனக்கு ஆறவில்லை.


எழும்பூர் ரயில் | மே 20, காலை 8:22

அக்கா சொல்வதே என் கட்சியும். தெரியாத வரைக்கும் நாம் யாருக்கும் இல்லை.


மலைக்காப்பி | மே 20, இரவு 8:55

அக்கா, நீங்கள் எழுதியதை என் துணைவிக்கும் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

நீங்கள் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் தம்பியை நினைத்துப் பாருங்கள். அவன் இதுவரை தன்னைப் போன்ற இன்னொருவரின் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. அவன் கையில் கொடியைக் கொடுத்து ஐந்து ரோட்டில் நிறுத்தினால், அன்று சாயங்காலம் வீட்டில் நடப்பதை அவன் ஒற்றை ஆளாகத்தான் தாங்க வேண்டும். உங்களை வீட்டை விட்டு அனுப்பியபோது, எவ்வளவு கஷ்டம் என்றாலும், கூப்பிட்டுச் சோறு போட ஒரு குரு இருந்திருப்பார். லெஸ்பியன் பெண்ணுக்கும் கே பையனுக்கும் அப்படி ஒரு வீடு இந்த ஊரில் எங்கே இருக்கிறது? முதலில் அதைக் கட்டுவோம். இடி விழுந்தால் ஓடிப்போக நாலு வாசல் தெரிந்த பிறகு யார் தெருவுக்கு வருகிறார்களோ வரட்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்களும் வாருங்கள். உங்களுக்குத் தெரிந்ததில் பாதி எங்களுக்குத் தெரியாது.


கொலுசுக்காரி | மே 20, இரவு 10:10

குரு இருந்தார். உண்மைதான். அம்மா என்றுதான் கூப்பிடுவேன். காய்ச்சலில் கிடந்தபோது ரசம் வைத்துக் கொடுத்தவர்.

வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. பஸ்ஸில் போகும்போது என் பக்கத்து சீட்டில் உங்களில் ஒருவர் உட்கார வேண்டும். திரும்பி வரும்போதும்.


தறிவீட்டுப் பையன் | மே 20, இரவு 10:13

நான் உட்காருகிறேன் அக்கா.


ஊர்க்காரன் | மே 21, காலை 9:30

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யாரையும் திட்ட வரவில்லை. ஆனால் நம்ம ஊரில் கல்யாணம், குடும்பம், சொந்தபந்தம் என்று ஒரு முறை இருக்கிறது. ஜூன் மாதம், வானவில் எல்லாம் அமெரிக்காவில் இருந்து வந்தது. அதை இங்கே பிள்ளைகள் தலையில் ஏற்றுவது சரியா? அப்பா அம்மாவின் நிலையையும் யோசிக்க வேண்டாமா?


ஆத்தூர் அம்மா | மே 21, மதியம் 12:47

ஐயா, அப்பா அம்மா நிலையைக் கேட்டீர்கள். நான் ஒரு அம்மா, அதனால் பதில் சொல்கிறேன்.

என் பிள்ளை திருநம்பி. பெண்ணாகப் பிறந்ததாக நாங்கள் நினைத்து வளர்த்தோம். ஏழு வயசிலேயே பாவாடை போட மாட்டான். அப்போது ஜூன் மாதமும் தெரியாது, அமெரிக்காவும் தெரியாது. வயலுக்கு நடுவில் இருக்கும் வீடு எங்களுடையது. யார் வந்து அவன் தலையில் எதை ஏற்றினார்கள்?

பிளஸ் டூ படிக்கும்போது சொன்னான். எங்கள் சொந்தத்தில் ஒருவர், 'இதற்கு வைத்தியம் இருக்கிறது, ஊசி போட்டால் சரியாகிவிடும்' என்றார். நான் அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பார்த்துக் கேட்டேன். அந்த அம்மா என்னை உட்கார வைத்து, 'இது நோய் இல்லை, மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்' என்றார். பின்னால்தான் தெரிந்தது, 2021லேயே உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட வைத்தியத்தைத் தடை செய்துவிட்டதாம். தேசிய மருத்துவ ஆணையமும் 2022ல் அது டாக்டர்களின் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டது. எனக்குத் தெரிந்தவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஏனென்றால் மாத்திரை எழுதிக்கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சொந்தபந்தம் பற்றியும் சொன்னீர்கள். என் பிள்ளையின் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன் என்று நின்றவர்கள் இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அவனுடைய நண்பர்கள் வருகிறார்கள். போன பொங்கலுக்கு வாசலில் கரும்பு கட்டியது அவர்கள்தான். குடும்பம் எங்களுக்குக் குறையவில்லை ஐயா.

நீங்கள் மரியாதையாகக் கேட்டதால் மரியாதையாகச் சொல்கிறேன். உங்கள் தெருவிலும் என் பிள்ளை போல ஒருவன் இருப்பான். நீங்கள் பேசுவது அவன் காதில் விழும்.

மலைக்காப்பி, கூட்டத்துக்கு என் மகனும் நானும் வரலாமா? சாப்பாடு நான் கொண்டுவருகிறேன்.


ஊர்க்காரன் | மே 21, இரவு 7:02

படித்தேன் அம்மா. யோசிக்கிறேன்.


கோரிமேட்டு வக்கீல் | மே 21, இரவு 9:36

ஜூனும் வானவில்லும் எங்கிருந்து வந்தன என்று கேட்டதால் சுருக்கமாக. 1969 ஜூன் 28ஆம் தேதி அதிகாலையில் நியூயார்க்கில் ஸ்டோன்வால் என்ற மதுக்கூடத்தில் போலீஸ் சோதனை நடந்தது, அங்கே இருந்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். அடுத்த வருடம் அதே நாளில் ஊர்வலம் போனார்கள். வானவில் கொடி 1978ல் கில்பர்ட் பேக்கர் வடிவமைத்தது. நாள் அங்கிருந்து வந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். 377 மட்டும் இந்த மண்ணில் முளைத்ததா? 1860ல் வெள்ளைக்காரர் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. நம்ம சித்திரை மாதக் கூவாகம் திருவிழாவுக்கு சேலத்தில் இருந்து ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழியாகக் காலங்காலமாக ஆட்கள் போய்வருகிறார்கள்.

மலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன்.

வயதுவந்த பத்துப் பேர் ஒருவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. தெருவில் ஊர்வலம் என்றால்தான் போலீஸில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் பதற வேண்டாம். சுஷ்மா என்பவர் தன் துணையோடு சேர்ந்து தொடுத்த வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7ல் விரிவான உத்தரவு போட்டார். அந்த வழக்கில் என் மனதைத் தொட்டது ஒன்று உண்டு. இந்த விஷயம் தனக்கு முழுசாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் உத்தரவு எழுதினார். அதன் தொடர்ச்சியாக 2022ல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதி சேர்ந்தது. எல்ஜிபிடிக்யூ மக்களையும் அவர்களுக்காக வேலை செய்கிறவர்களையும் எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது. அந்த விதியைப் போனில் சேமித்து வையுங்கள்.

வீட்டில் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தால், சம்பந்தப்பட்டவர் வயதுவந்தவர், தன் விருப்பத்தில்தான் இருக்கிறார் என்று வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் அந்தப் புகாரை முடிக்க வேண்டும். இதுவும் 2021 உத்தரவில் உள்ளதுதான்.

அப்புறம் மே 2025ல் உயர்நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு. வீட்டார் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை மீட்க அவருடைய தோழி ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படி போக விட்டார்கள். கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை, நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் உண்டு என்று அதில் எழுதினார்கள். கல்யாண உரிமையை உச்சநீதிமன்றம் 2023 அக்டோபர் 17ல் தரவில்லை. அந்த வலி இருக்கும்போது இந்த வரி பெரிய ஆறுதல்.

ஆப் மூலம் பழகி, போட்டோவை வீட்டுக்கு அனுப்புவேன் என்று மிரட்டிப் பணம் கேட்பவர்கள் பற்றி: முதல் தடவையே ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவில் குற்றம். குற்றவாளி அவன், நீங்கள் இல்லை. இலவச சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.


மழைக்கால மாணவி | மே 22, இரவு 12:15

நான் பிளஸ் டூ போகிறேன். 17 வயசு. எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும். நானும் வரலாமா? ப்ளீஸ். யாருக்கும் தொந்தரவு தர மாட்டேன். ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.


நெறியாளர் | மே 22, காலை 6:20

கண்ணு, எழுதியதற்கு நன்றி. 18 முடியாதவர்களை நேரில் சந்திக்க நாங்கள் அழைப்பதில்லை. இது உன் பாதுகாப்புக்காகத்தான். 'யாருக்கும் தெரியாமல் வா' என்று உன்னைத் தனியாக அழைப்பவர் யாராக இருந்தாலும், நல்லவர் போலப் பேசினாலும், போகாதே. எனக்குச் சொல்.


மலைக்காப்பி | மே 22, காலை 7:31

எனக்கு இந்த விதி சரி என்று தெரிகிறது, மனசுதான் கேட்கவில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு யாராவது தேவைப்பட்டது 17 வயதில்தான். 18 ஆகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தக் கூடாது.


ஆத்தூர் அம்மா | மே 22, காலை 10:05

சாத்த வேண்டாம்.

மாணவி கண்ணு, நான் சொல்வதைக் கேள். உன்னிடம் எந்தக் குறையும் இல்லை. வீட்டில் இப்போதே சொல்ல வேண்டும் என்ற அவசரமும் இல்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், கல்யாணம் பேசுவார்கள் என்று தோன்றினால் காத்திரு. படிப்பை மட்டும் விடாதே. பரீட்சை எழுதிச் சம்பாதிக்கிற நிலைக்கு வந்துவிட்டால் உன் பேச்சுக்கு வீட்டில் வேறு எடை கிடைக்கும்.

பள்ளியில் ஒரு டீச்சரைக் கவனித்துப் பார். வகுப்பில் யாராவது ஒரு பையனின் நடையைக் கேலி செய்தால் அவர் சேர்ந்து சிரிக்கிறாரா, நிறுத்தச் சொல்கிறாரா? நிறுத்தச் சொல்பவரிடம் என்றைக்காவது பேசலாம். மனசு ரொம்பக் கனத்தால், ராத்திரி எந்நேரம் ஆனாலும், 14416க்கு போன் செய். டெலிமானஸ், அரசு நடத்துவது. தமிழில் பேசலாம், காசு கிடையாது. வீட்டில் அடி, உதை என்றால் 1098.

இந்த இழையில் எப்போது வேண்டுமானாலும் எழுது. நான் தினமும் மதியம் சமையல் முடித்துப் பார்ப்பேன்.


மழைக்கால மாணவி | மே 22, இரவு 11:50

சரி அம்மா. எழுதுகிறேன். எங்கள் பயாலஜி மிஸ் சிரிக்க மாட்டார். நிறுத்தச் சொல்வார்.


மலைக்காப்பி | ஜூன் 9, இரவு 8:00

கூட்டம் இந்த மாதக் கடைசி ஞாயிறு. இடம் தனிச்செய்தியில் வரும். முதலில் ஒரு தடவை சேலத்தில், அண்ணா பூங்காவில், பகல் வெளிச்சத்தில் சந்தித்து முகம் பார்த்துக்கொள்வோம். அதற்குப் பிறகுதான் மலை. போட்டோ வேண்டாம், ஒருவர் கேட்டு மற்றவர் சரி என்றாலும் குரூப் போட்டோ வேண்டாம். ராத்திரி தங்கல் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே கீழே இறங்கும் பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும். மது கிடையாது. எங்கே போகிறீர்கள் என்று நம்பிக்கையான ஒருவருக்காவது சொல்லிவிட்டு வாருங்கள். சாயங்காலம் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.


தறிவீட்டுப் பையன் | ஜூலை 1, இரவு 10:30

எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். யார் யார் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். கொலுசுக்காரி அக்கா பக்கத்தில் போகும்போதும் வரும்போதும் நான்தான். அடிவாரத்தில் ஏறிய ஒரு பாட்டி எங்களைப் பார்த்துவிட்டு, 'உங்க அக்காவாப்பா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முதலில் யாரும் பேசவில்லை. ஆத்தூர் அம்மா பெரிய தூக்கில் தக்காளி சாதம் கொண்டுவந்திருந்தார். எழும்பூர் ரயில் அண்ணன் சென்னைப் பேரணியை இந்த வருடம் விட்டுவிட்டு எங்களுக்காக வந்தார், அதை நான் எப்போதும் மறக்க மாட்டேன். அவர் தட்டுவடை, துருவிய பீட்ரூட், கேரட், இரண்டு விதச் சட்னி எல்லாம் வாங்கி வந்து முற்றத்தில் பரப்பி, ஆளுக்கு ஆள் செட் போடச் சொன்னார். கையில் வேலை வந்ததும் வாய் திறந்துவிட்டது. ஒருவருக்குக் காரம் வேண்டும், ஒருவருக்கு வெங்காயம் வேண்டாம். அப்படியே பெயர் கேட்டோம். அவரவருக்குப் பிடித்த பெயரைச் சொன்னோம். ஆத்தூர் அம்மாவின் மகன் தன் பெயரைச் சொன்னபோது அம்மா கை தட்டினார், எல்லோரும் தட்டினோம்.

பிறகு ரொம்ப நேரம் பேசியது கல்யாணத்தைப் பற்றி. எங்களில் மூன்று பேருக்கு வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு அக்காவுக்கு ஆவணியில் நிச்சயம் என்கிறார்கள். 'சரி, கட்டிக்கொண்டால் எல்லாம் அடங்கிவிடும்' என்று ஒரு அண்ணன் சொன்னார். மலைக்காப்பி அக்கா அதை விடவில்லை. 'அந்தப் பெண்ணும் ஒரு வாழ்க்கையோடுதான் வருவாள், அவளுக்கு ஏன் இந்தத் தண்டனை?' என்று கேட்டார். அண்ணன் கோபப்பட்டார், பிறகு அழுதார், பிறகு எல்லோரும் சேர்ந்து வழி யோசித்தோம். வெளியூரில் வேலை தேடுவது, கடன் முடியட்டும் என்று ஒரு வருடம் தள்ளிப்போடுவது, அக்காளிடம் முதலில் சொல்வது. ஒரே நாளில் தீர்கிற விஷயம் இல்லை. ஆனால் இப்போது அவருக்கு ராத்திரி போன் செய்ய ஆள் இருக்கிறது. நானும் அந்த ஆட்களில் ஒருவன்.

கொலுசுக்காரி அக்கா பாட்டுப் பாடினார். மலைக்காப்பி அக்காவின் துணைவி ஒரு வானவில் துப்பட்டாவை முற்றத்துக் கொடியில் துணியோடு துணியாகக் காயப்போட்டிருந்தார். அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தோம்.

என் கதையைச் சொன்னேன். முழுசாக. யாரும் குறுக்கே பேசவில்லை.


கொலுசுக்காரி | ஜூலை 2, காலை 6:15

நல்ல பிள்ளைகள் எல்லோரும். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்தது. ஆனால் என் வாதத்தை நான் விடவில்லை, சொல்லிவிட்டேன். ஆடி வருகிறது. குகையில் வண்டி வேடிக்கை பார்க்க இந்தத் தடவை எல்லோரும் என்னோடு வாருங்கள். கொடி வேண்டாம், அட்டை வேண்டாம். நாம் ஒன்றாக நின்று, ஊரோடு சேர்ந்து பார்ப்போம். யாராவது 'இவர்கள் யார்?' என்று கேட்டால் 'என் வீட்டு ஆட்கள்' என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.


மலைக்காப்பி | ஜூலை 2, காலை 7:50

வருகிறோம் அக்கா. நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு லீவு போட்டுவிடுகிறோம். சேலத்தில் நான் என் துணைவியின் கையைப் பிடித்து நடந்ததே இல்லை. உங்களோடு நின்றால் நடக்கலாம் என்று தோன்றுகிறது.


மேட்டூர் காற்று | ஜூலை 4, மாலை 5:42

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வயது 19, பைசெக்ஷுவல், ஆண் பெண் இருவரையும் பிடிக்கும். இழை முழுவதும் படித்தேன். அடுத்த கூட்டத்துக்கு மேட்டூரில் இருந்து யாராவது சேர்ந்து வருகிறீர்களா? தனியாக வரக் கொஞ்சம் பயம்.


தறிவீட்டுப் பையன் | ஜூலை 4, மாலை 5:58

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிடுங்கள், நான் வந்து நிற்கிறேன். முதலில் பூங்காவில் சந்திப்போம், தேதி தனிச்செய்தியில் அனுப்புகிறேன். சாப்பிட்டுவிட்டு வராதீர்கள், ஆத்தூர் அம்மா கோபித்துக்கொள்வார்.